பிள்ளைகளுக்குப் படத் திருத்தம் சொல்லித்தரலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சனிக்கிழமை கணினி வகுப்பை நடத்திவரும் சி பிளாக் மூத்த உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரி கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் களைப்பாக இருக்கும். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். டீ கொஞ்சம் தாமதமாக வந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை சங்க அறையில் ஒரு வகுப்பு நடக்கிறது. பதினோரு பிள்ளைகள், ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளை வைத்துப் படங்களைத் திருத்தக் கற்கிறார்கள். இந்த வகுப்பைப் பற்றிப் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி: போட்டோவை மாற்றுவது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது ஃபோர்ஜரி கற்றுக்கொடுப்பது ஆகாதா? இரண்டாவது: சங்க அறையை, சங்க மின்சாரத்தை, இங்கே வீடு இல்லாதவர்களின் பிள்ளைகளும் பயன்படுத்தலாமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். குழுவில் கட்டைவிரலால் பதில் எழுதினால் சண்டையாகிவிடும் என்றுதான் நேரில் பேசுகிறேன் என்றேன்.

முதலில் கிம்ப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1995-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. மாணவர்கள் ஆரம்பித்தது என்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஃபோட்டோஷாப்பில் செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றை இதில் செய்யலாம். படத்தை வெட்டலாம், சிறிதாக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், கறையை நீக்கலாம், எழுத்து சேர்க்கலாம். லினக்ஸின் அடையாளமாக ஒரு கொழுகொழு பென்குயின் இருக்கிறதே, அதை 1996-இல் லாரி யூயிங் என்பவர் இந்த கிம்பில்தான் வரைந்தார். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்துவிட்டது. நம் கம்ப்யூட்டர்களுக்கு வயதாகிவிட்டதால் நாங்கள் 2.10-லேயே இருக்கிறோம். வயதானவர்களைப் புதுசுக்கு மாறு என்று அவசரப்படுத்தக் கூடாது.

இலவசம் என்றேன். நான் பி.காம் படித்தவன். இலவசம் என்றாலே, யார் தலையில் செலவு எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆள். இதில் செலவு தன்னார்வலர்களின் உழைப்பிலும், விருப்பப்பட்டவர்கள் தருகிற நன்கொடையிலும் போகிறது. விலை இல்லை என்பதைவிடப் பெரிய விஷயம், இதன் உரிமம். நகல் எடுத்து நண்பனுக்குக் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்தில் எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று சொல்கிறார்கள், நல்ல சொல். ஃபோட்டோஷாப் இன்றைக்கு மாதச் சந்தா, வருடச் சந்தா என்றுதான் கிடைக்கிறது. அது நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தா கட்ட முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு பையன் பென் டிரைவில் திருட்டு நகல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். நேர்மையைப் பற்றிப் பேசுகிற வகுப்பைத் திருட்டு நகலில் நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்களும் பல வருடங்களாக நடைமுறையில் இருக்கின்றன. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், 2017 முதல் கைட் என்ற நிறுவனமாக நடக்கிறது. அவர்களுடைய பாடப்புத்தகத்திலேயே கிம்ப் உண்டு. நம் தமிழ்நாட்டிலும் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் டக்ஸ் பெயின்ட் என்ற இலவச ஓவிய மென்பொருளுக்குப் பாடம் வந்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது. எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், ஒன்றில் மட்டும் மூன்று பேர். அரை மணிக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் கை சுறுசுறுப்பான பிள்ளையே மவுஸைப் பிடித்துக்கொள்ளும். நான் மவுஸைத் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். நாம் ஒரு தடவை செய்துகாட்டினால் அவர்களுக்கு அது வேடிக்கை. அவர்களே மூன்று தடவை தடுமாறிச் செய்தால்தான் பாடம்.

முதல் வாரம் மென்பொருளையே திறக்கவில்லை. ஒரு படத்தைத் திரையில் போட்டுப் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எது தெளிவாக இருக்கிறது, எது மங்கல், இவ்வளவுதான் கேள்வி. அந்தப் பத்து நிமிடம் அவர்களுக்குப் பத்து மணி நேரம் போல இருந்திருக்கும். ஆனால் பிற்பாடு எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படையாக அமைந்தது.

அடுத்து லேயர். இதைப் புரியவைக்கத்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்கியது போல என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் ஒரே லேயரில் கிறுக்குவார்கள். நான் மெழுகுத்தாள் வாங்கிவந்தேன். ஒரு போட்டோவின்மேல் மெழுகுத்தாளை வைத்து மீசை வரையச் சொன்னேன். அதன்மேல் இன்னொரு தாளை வைத்துத் தொப்பி. இப்போது மீசையை எடு என்றேன். தாளை உருவினால் மீசை போய்விட்டது, தொப்பி இருந்தது, கீழே போட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை.

கிம்பில் ஒரு விசித்திரம் உண்டு. 'சேவ்' என்று கொடுத்தால் ஜேபெக் படமாகச் சேமிக்காது. எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' என்று தனியாகக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிற எல்லோருக்கும் இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்: எக்ஸ்சிஎஃப் என்பது வவுச்சர் கட்டு. எந்த லேயரில் என்ன சேர்த்தோம் என்பது தனித்தனியாக அதில் இருக்கும். ஜேபெக் என்பது பாஸ்புக்கில் அச்சாகும் கடைசி வரி. வாடிக்கையாளர் கையில் பாஸ்புக்தான் இருக்கும், ஆனால் கேள்வி வந்தால் வவுச்சரைத்தானே தேடுவோம்? அதனால் வகுப்பில் ஒரு விதி: ஒரிஜினல் படத்தை ஒருவரும் தொடக் கூடாது. முதலில் நகல், பிறகுதான் வேலை.

ஜேபெக்கைப் பற்றி இன்னொன்று. அது ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கொஞ்சம் விவரத்தைக் கழித்துவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி ஆகும்? அதுதான். ஒரே பூவின் படத்தை இருபது தடவை குறைந்த தரத்தில் மாற்றி மாற்றிச் சேமித்துப் பார்த்தார்கள். கடைசியில் பூ, ரவா உப்புமா போல ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவும் இப்படிச் சுருங்கித்தான் போகிறது. தரம் குறையாமல் போக வேண்டுமென்றால் டாகுமென்டாக அனுப்ப வேண்டும். ஆனால் டாகுமென்டாக அனுப்பும்போது, அந்தப் போட்டோவுக்குள் போன் எழுதிவைத்திருக்கும் தேதி, நேரம், இடக்குறிப்பு எல்லாமும் சேர்ந்து போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தைத் தெரியாத ஒருவருக்கு அப்படி அனுப்பினால், வீட்டு முகவரியையே கையில் கொடுத்தது போல.

இப்போது வீட்டுக்கு உபயோகமான பகுதி. வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டினர் கவனியுங்கள். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் புகைப்படம் 200-க்கு 230 பிக்ஸல், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கையெழுத்து 140-க்கு 60 பிக்ஸல், 10 முதல் 20 கேபிக்குள். போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படமே 4000-க்கு 3000 பிக்ஸல், மூன்று நான்கு எம்பி. அதை அப்படியே ஏற்றினால் இணையதளம் ஏற்காது. கடைசி நாள் இரவில் பிரவுசிங் சென்டர் வாசலில் வரிசையில் நிற்கும் பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். சிலர் படத்தை ஒரு பக்கம் மட்டும் அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து, முகம் பூசணிக்காய் போல அகன்று, அதையே ஏற்றிவிட்டு வருகிறார்கள். நம் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் முதலில் 200-க்கு 230 என்ற விகிதத்தில் வெட்டுகிறான், பிறகு 'ஸ்கேல் இமேஜ்' கொடுத்துச் சிறிதாக்குகிறான், எக்ஸ்போர்ட் செய்யும்போது தரத்தின் அளவை நகர்த்தி, கேபி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து நிறுத்துகிறான். ஐந்து நிமிட வேலை. ஏ பிளாக்கில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஓர் அக்காவுக்கு இந்தப் பையன்தான் கையெழுத்தை வெள்ளைப் பின்னணியில் சுத்தமாக எடுத்துக்கொடுத்தான். சம்பளம் ஒரு சாக்லேட்.

தமிழில் எழுத்து போடுவதும் சுலபம்தான். டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அந்தக் கோப்பை வேறு இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் எழுத்துருவைப் போட்டால் கிம்பில் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. ஆடிப்பெருக்கு அன்று லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த சுவரொட்டி நினைவிருக்கிறதா? அது இவர்கள் செய்தது. நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்தியது, ஒப்புக்கொள்கிறேன். எழுத்துப்பிழை இல்லை.

இனி முதல் கேள்வி. ஃபோர்ஜரி.

முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தேன். பெரும்பகுதி சேமிப்புக் கணக்குக் கவுன்டர், கொஞ்ச காலம் கிளியரிங். நான் சேர்ந்தபோது பேரேட்டில் கையால் எழுதினோம். ஒரு எண்ணைத் திருத்த வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் போட வேண்டும். திருத்தம் குற்றமில்லை. திருத்தியதை மறைப்பதுதான் குற்றம். படத்துக்கும் இதே கணக்குத்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

2011 செப்டம்பரில் சென்னையில் காசோலைக்குப் புது முறை வந்தது. காகிதம் ஊர் ஊராகப் போக வேண்டாம். வாங்கும் வங்கியிலேயே நின்றுவிடும். பணம் தரும் வங்கிக்குப் போவது அதன் படம் மட்டும்தான். அந்தப் படத்தைப் பார்த்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பணம் தர வேண்டும். யோசித்துப் பாருங்கள், லட்ச ரூபாய் ஒரு படத்தை நம்பிப் போகிறது. அதனால்தான் காசோலையில் நீர்க்குறி, புறஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் வங்கிச் சின்னம், ஜெராக்ஸ் எடுத்தால் மேலே தோன்றிவிடும் மறைஎழுத்து என்றெல்லாம் வைத்தார்கள். இந்த முறையில் போகும் காசோலையில் தேதியைத் தவிர வேறு எதையும் திருத்தக் கூடாது என்ற விதியும் வந்தது. முன்பு பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோமே, அது போயிற்று. கவுன்டரில் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் சிலர் இந்தக் கூடத்திலேயே இருக்கக் கூடும்.

கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் கள்ள நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துப் பழக்கவில்லை. நல்ல நோட்டை ஆயிரக்கணக்கில் எண்ணவைத்தார்கள், அவ்வளவுதான். விரலுக்கு நல்லது பழகிவிட்டால் கெட்டது வந்தவுடன் விரல் தானாக நிற்கும். அதோடு, ஒரு காசோலையில் ஏழை எப்படி ஒன்பதாக்குவார்கள், எண்ணுக்கு முன்னால் இடம் விட்டால் எங்கே ஒரு ஒன்றைச் செருகுவார்கள் என்று மூத்த ஊழியர்கள் சொல்லித்தருவார்கள். அதைத் தெரிந்துகொண்டதால் நாங்கள் யாரும் மோசடிக்காரர்களாகிவிடவில்லை. தெரிந்துகொண்டதால்தான் எத்தனையோ காசோலை திரும்பிப் போனது.

படத்தை மாற்றுவதும் கம்ப்யூட்டரோடு வந்த கெட்ட பழக்கம் இல்லை. ரஷ்யாவில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற யெஷோவ் என்ற அதிகாரி, பதவி போய் உயிரும் போன பிறகு, அந்தப் படத்திலிருந்தும் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கையால் செய்த வேலை. 1982-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகை எகிப்துப் பிரமிடுகள் இரண்டை அட்டைக்குள் அடங்குவதற்காகக் கம்ப்யூட்டரில் நகர்த்தி நெருக்கமாக வைத்து, பெரிய விவாதமாயிற்று. ஃபோட்டோஷாப் வந்ததே 1990-இல்தான். அவ்வளவு ஏன், நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ்மேல் பென்சிலால் டச்சிங் செய்து, அம்மைத் தழும்பை மறைத்த பெண் பார்க்கும் படங்களுக்குக் கணக்கே கிடையாது. இந்தக் கூடத்தில் அப்படி ஒரு படத்தால் கல்யாணம் ஆனவர்கள் இருந்தால் கை தூக்க வேண்டாம்.

வகுப்பில் நான் வேண்டுமென்றே செய்யவைத்த ஒன்றைச் சொல்கிறேன். இதைத்தான் சிலர் ஆட்சேபித்தீர்கள். ஒரு பணம் அனுப்பிய திரையின் படம். பெயர், எண் எல்லாம் நானே கற்பனையாகப் போட்டுத் தயாரித்தது. எந்தச் செயலியுடையதும் இல்லை. அதில் 100 ரூபாயை 1,000 ரூபாய் ஆக்கச் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் சுழியை எடுத்து ஒட்டினால் போதும். வேகமான ஜோடி நான்கு நிமிடத்தில் முடித்தது. முடித்ததும் ஒரே கும்மாளம். பிறகு படங்களைக் கலைத்துப் போட்டு, எது ஒரிஜினல், எது மாற்றியது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கும்மாளம் அடங்கியது. பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒட்டிய சுழியைச் சுற்றி மட்டும் பின்னணி கொஞ்சம் வேறு வெள்ளை. எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கமா இல்லை. ஆனால் ஒரு படத்தில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது மாற்றிய படம்தான். அதைச் செய்தவள் நம் கேட் பக்கத்தில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறாரே, அவருடைய மகள். ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளி.

அந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "அப்போ பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாதா சார்?" முடியாது என்றேன். நன்றாகச் செய்த வேலையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இன்னும் முடியாது. அதனால் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியது உன் கணக்கு, எதிராளியின் திரை இல்லை.

அவள் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் அவளுடைய அப்பா என்னைக் கேட்டில் நிறுத்தினார். முன்பு இங்கே வாடகைக்கு இருந்து காலி செய்துவிட்டுப் போன ஒருவர், மாதக்கணக்கில் துணி போட்டுவிட்டு, போகிற அன்று போனை நீட்டி, "அனுப்பிட்டேன் பாருப்பா" என்று பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாயிரத்துச் சொச்சம். இவரும் படித்தவர் சொல்கிறாரே என்று கும்பிட்டு அனுப்பியிருக்கிறார். பணம் வரவே இல்லை. நெட்வொர்க் கோளாறு, வந்துவிடும் என்று ஒரு மாதம் காத்திருந்திருக்கிறார். வகுப்பு முடிந்து அன்று இரவு மகள்தான் அப்பாவின் போனில் கணக்கு விவரத்தைத் தேதிவாரியாக எடுத்துப் பார்த்து, "அப்பா, இது வரவே இல்லை, இனியும் வராது" என்று சொல்லியிருக்கிறாள். "நான் அந்தப் போட்டோவ ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பணம் போனதைவிட, பார்த்தது பொய் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது அவர் வண்டியில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி இருக்கிறது. துணி கொடுக்கும்போது கேட்டிருப்பீர்கள். அதை வாங்கச் சொன்னதும் அந்தப் பெண்தான்.

ஃபோர்ஜரி கற்றுக்கொடுக்கிறேனா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். இன்னும் ஒன்றும் உண்டு. அன்றைக்கே, விளையாட்டுக்கு மாற்றுவதற்கும் பிறரை நம்பவைக்க மாற்றுவதற்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம் என்றும் சொன்னேன். பாரதிய நியாய சன்ஹிதாவில் 336-ஆம் பிரிவு போலி ஆவணத்தைப் பற்றியது. எலெக்ட்ரானிக் பதிவும் அதில் அடங்கும். மதிப்பெண் பட்டியலில் ஒரு எண்ணை மாற்றினாலும் அது வரும் என்று சொன்னபோது ஒரு பையனின் முகம் மாறியதைக் கவனித்தேன். மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வயது அப்படி.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் மன்னிக்க வேண்டும், இதையும் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய முகத்தை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டுவது இன்று பள்ளிக்கூடப் பையன்களுக்கே சாத்தியம். கிம்ப் கூட வேண்டாம், போனில் அதற்கென்றே செயலிகள் வந்துவிட்டன. வகுப்பில் பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே இதைப் பேசினேன். எந்தப் படத்தையும் அதில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் திறக்கக் கூடாது என்பது வகுப்பின் இரண்டாவது விதி. யாருக்காவது அப்படி ஒன்று வந்தால் பயந்துபோய் அழித்துவிடக் கூடாது. அதை அனுப்பியவரின் எண்ணோடும் தேதியோடும் அப்படியே வைத்திருந்து பெரியவர்களிடம் காட்ட வேண்டும். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பண மோசடிக்கு 1930. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று பெட்டி கட்டியிருக்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளை இதைச் சொல்ல வந்தால், முதல் வார்த்தையாக "நீ ஏன் போட்டோ போட்டே" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அது இரண்டாவது வார்த்தை பேசாது.

ஆதார் நகல் பற்றி ஒரு சின்ன விஷயம், இது பெரியவர்களுக்கு. போனில் மார்க்கர் போலக் கறுப்புக் கோடு இழுத்து எண்ணை மறைத்து அனுப்புகிறோம். அந்த மார்க்கர் பாதி ஒளி ஊடுருவக்கூடியது. ஒரு கற்பனை எண்ணை அப்படி மறைத்துக் கொடுத்து, கிம்பில் 'லெவல்ஸ்' என்ற கருவியால் வெளிச்சத்தை ஏற்றச் சொன்னேன். எண் பளிச்சென்று வந்துவிட்டது. பிள்ளைகளைவிட, அன்று எட்டிப்பார்க்க வந்திருந்த இரண்டு பெற்றோர்தான் அதிர்ந்தார்கள். முழுக் கறுப்புப் பெட்டி போட்டு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் சரி. அதைவிட நல்லது, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்வது.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு, பழைய போட்டோ சரிசெய்த வாரங்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவர வேண்டும். ஆல்பத்து மெழுகில் ஒட்டிக்கொண்டவை, பூஞ்சை பிடித்தவை, நடுவில் மடித்த கோடு விழுந்தவை என்று வந்தன. ஸ்கேன் செய்து, மங்கலை 'லெவல்ஸ்' கொண்டு நிமிர்த்தி, புள்ளிகளை 'ஹீல்' கருவியாலும் கோட்டை 'க்ளோன்' கருவியாலும் நீக்கினார்கள். க்ளோன் என்றால், பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தைத் தொட்டு எடுத்துக் கெட்ட இடத்தில் பூசுவது; கிழிந்த புடவையில் அதே நூலை உருவித் தைப்பதைப் போல. பொறுமை வேண்டும். ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காராத பையன் ஒரு புடவைக் கரையை ஒன்றரை மணி நேரம் இழை இழையாகச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

நம் இரவு வாட்ச்மேனின் மகன் கொண்டுவந்த படத்தில் நான்கு பேர். ஓரத்தில் நின்றவரின் முகத்தைக் கரையான் தின்றிருந்தது. அது அவனுடைய தாத்தா. அவருக்கு இருந்த ஒரே படம் அதுதான். டி பிளாக் பெண் ஒருத்தி உற்சாகமாக, வேறு ஒரு தாத்தாவின் முகத்தை எடுத்து ஒட்டலாம், அல்லது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு முகம் வரைந்து தரும் என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அரைமணி நேரம் அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. படம் அழகாக இருக்குமே என்று ஒரு கட்சி. அது அவர் இல்லையே என்று இன்னொரு கட்சி. கடைசியில் அந்தப் பையன், "வேற யாரோ முகத்தை வச்சா எங்க ஆயா திட்டும்" என்றான். தீர்ப்பு ஆகிவிட்டது. மற்ற மூவரையும், தாத்தாவின் தோள், வேட்டி, கையில் பிடித்திருந்த குடை எல்லாவற்றையும் சுத்தம் செய்தார்கள். முகம் இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அச்சுப் போட்டு ஊருக்கு எடுத்துப்போனான். ஆயா குடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாகச் சொன்னான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், டீ டம்ளர் சத்தம் கேட்கிறது. பதினோரு பிள்ளைகளில் ஏழு பேர் நம் பிளாட்டுகளைச் சேர்ந்தவர்கள். நான்கு பேர், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், வீட்டுவேலைக்கு வரும் இரண்டு அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகள். ஐந்து கம்ப்யூட்டரும் நம் சங்கம் வாங்கியவை அல்ல. மூன்று, உறுப்பினர்கள் தூக்கிப் போட இருந்தவை. இரண்டு, என் மகன் அலுவலகத்தில் கழித்துவிட்டவற்றை விலைக்கு வாங்கியது. மென்பொருளுக்குச் செலவு பூஜ்யம். மின்சாரத்துக்கு, அறைக்கென்று இருக்கும் துணை மீட்டரை ஜூனிலிருந்து குறித்துவைத்திருக்கிறேன். வாராவாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஆன தொகையை மாதாமாதம் பொருளாளரிடம் நானே கட்டி ரசீது வாங்கியிருக்கிறேன். ரசீதுகள் இந்தக் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்குக் கேள்விக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கில் வராத ஒரு பகுதியும் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள். முதல் வாரம் நம் பிள்ளைகள் என்னை அங்கிள் என்றார்கள், அந்த நான்கு பேர் சார் என்றார்கள், தனித்தனியாக உட்கார்ந்தார்கள். இடம் மாறும் விதியால் மூன்றாவது வாரமே கலந்துவிட்டார்கள். இப்போது முக்கால்வாசிப் பேருக்கு நான் தாத்தா. அந்த நான்கு பேரையும் நிறுத்தச் சொன்னால், வகுப்பில் கை சுத்தமாக வேலை செய்கிற முதல் இரண்டு பேர் வெளியே போவார்கள். மீதி ஏழு பேர் யாரிடம் சந்தேகம் கேட்பார்கள்? என்னிடமா? எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது.

செயற்குழுவின் முன் என் கோரிக்கை எழுத்தில் இருக்கிறது. அறை சனிக்கிழமை நான்கு முதல் ஆறு வரை, அடுத்த மார்ச் முடிய. பிள்ளைகளின் எண்ணிக்கை பதினான்குக்கு மேல் போகாது. யார் பிள்ளை என்ற நிபந்தனை கிடையாது. பெற்றோரில் ஒருவர் முறைவைத்து அறையில் உட்கார வேண்டும். கதவு திறந்தே இருக்கும். கையெழுத்துப் போடும் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது, ஆதரிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம், எதிர்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம். எதிர்ப்பவர்கள் காரணத்தையும் ஒரு வரி எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் மவுஸ் இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு கம்ப்யூட்டரில் இடது பட்டன் வேலை செய்யவில்லை.

டீ வந்துவிட்டது. கேள்விகளை டீயோடு வைத்துக்கொள்வோம்.